சீன மொழி தொடக்கநிலை: சொற்களும் எழுத்துப் பயிற்சியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீன மொழியைப் புதிதாகத் தொடங்கும் தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. சீன எழுத்துகளை இதில் அச்சிடவில்லை, வடிவத்தைச் சொல்லி விளக்கியிருக்கிறேன். கையில் பென்சிலோடு படியுங்கள். சொன்னபடி வரைந்து பார்த்துவிட்டு, அகராதிச் செயலியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப் படித்தால்தான் மனதில் நிற்கும்.

சீன மொழி என்று எதைச் சொல்கிறீர்கள்?

மாண்டரினை. சீனாவில் அதன் பெயர் பூதோங்ஹுவா, தைவானில் குவோயு, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஹுவாயு. இவற்றுக்குள் சிறு வேறுபாடுகள் உண்டு, தொடக்கத்தில் அவை ஒரு பொருட்டல்ல. ஹாங்காங்கில் கேட்கும் கான்டனீஸ் வேறு பேச்சு. மாண்டரின் மட்டும் தெரிந்தவருக்கு அது புரியாது.

எளிய எழுத்தா, மரபு எழுத்தா?

சீன அரசு 1956-இலும் 1964-இலும் வெளியிட்ட பட்டியல்களின் வழியாக எளிய எழுத்து வந்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் அதையே ஏற்றன. தைவான், ஹாங்காங், மக்காவ் மூன்றிலும் மரபு எழுத்துதான். பேனாவை எடுக்காமல் ஒரு தடவை இழுப்பது ஒரு கோடு. "குதிரை" என்ற எழுத்துக்கு மரபு வடிவில் 10 கோடுகள், எளிய வடிவில் 3. "டிராகன்" 16-இலிருந்து 5 ஆகிவிட்டது.

படிப்பு, வேலை, சிங்கப்பூர் வாழ்க்கை என்று யோசிப்பவர்கள் எளிய எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். தைவான் போகிறவர்களுக்கு மரபு எழுத்து. வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் மரபு எழுத்துதான் வேண்டும். 1409-ஆம் ஆண்டு தேதியிட்ட காலி மும்மொழிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறிக்கப்பட்டு, இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் சீனப் பகுதியைப் படிக்க எளிய எழுத்து உதவாது. எதுவானாலும் முதல் ஆண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் இரண்டுமே அரைகுறையாக நிற்கும்.

ஆயிரக்கணக்கான எழுத்துகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

1716-இல் முடிந்த காங்ஷி அகராதியில் 47,000-க்கு மேல் எழுத்துகள் உண்டு. அந்த எண்ணைக் கேட்டுப் பயந்து விலகியவர்கள் நிறையப் பேர். ஆனால் அதில் பெரும்பகுதியைச் சீனர்களே பார்த்ததில்லை. 2013-இல் சீன அரசு வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 8,105 எழுத்துகள், அவற்றில் முதல் நிலை 3,500.

தொடங்குபவருக்கு வேண்டியது இதைவிட மிகக் குறைவு. ஹெச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வின் பழைய அமைப்பில் முதல் நிலைக்கு 150 சொற்கள் போதும். 2021-இல் வந்த புதிய தரநிலை முதல் நிலைக்கு 500 சொற்களும் 300 எழுத்துகளும் கேட்கிறது. எழுத்தைவிடச் சொல் அதிகமாக இருப்பதைக் கவனியுங்கள். எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து சொற்களாகின்றன. "மின்சாரம்" என்ற ஓர் எழுத்தைத் தெரிந்துகொண்டால், அதோடு "பேச்சு" சேர்ந்து தொலைபேசி, "மூளை" சேர்ந்து கணினி, "நிழல்" சேர்ந்து திரைப்படம், "ஏணி" சேர்ந்து லிஃப்ட். அதனால் எழுத்தைத் தனியாக உருப்போடாதீர்கள். அது வரும் இரண்டு சொற்களோடு சேர்த்தே படியுங்கள்.

பின்யின் எதற்கு? உச்சரிப்பைத் தமிழிலேயே எழுதிக்கொண்டால் போதாதா?

போதாது. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பின்யின் என்பது 1958-இல் சீன அரசு ஏற்ற முறை. சீன ஒலிகளை ரோமன் எழுத்துகளில் குறிப்பது. அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் சோ யூகுவாங். பின்யினின் எழுத்துகள் ஆங்கில எழுத்துகள்போல இருந்தாலும் ஒலி ஆங்கில ஒலி அல்ல. இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். பின்யினின் "பி" (b) என்ற எழுத்தைப் பார்த்ததும் "பஸ்" என்று சொல்லும்போது வரும் அதிர்வொலியைப் போடுகிறோம். உண்மையில் அது "பால்" என்பதில் வரும் சாதாரண ப. அதேபோல பின்யினின் "டி" (d) என்பது "தலை"யின் த, "ஜி" (g) என்பது "கல்"லின் க. இந்த மூன்றும் தமிழில் நமக்குப் பிறப்பிலேயே வருபவை.

கடினம் மறுபக்கத்தில் இருக்கிறது. பின்யினின் "பீ" (p), ஆங்கில வரிசையில் ஓவுக்கு அடுத்து வருவது, ப-வை மூச்சுக்காற்றோடு வெளியே தள்ளுகிறது. "டீ" (t), "கே" (k) இரண்டும் அப்படியே. ஒரு மெல்லிய தாளை வாய்க்கு முன்னால் பிடியுங்கள். "பால்" என்றால் தாள் அசையக் கூடாது, மூச்சோடு சொன்னால் ஆட வேண்டும். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப-தான். அதனால்தான் தமிழில் எழுதிக்கொள்ளும் பழக்கம் பின்னால் உங்களையே ஏமாற்றும். தொனியையும், அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரலின் ஏற்ற இறக்கத்தையும், தமிழ் எழுத்தால் காட்ட முடியாது. இந்தப் பக்கத்தில் நான் தமிழில் எழுதும் சீன ஒலிகளையும் அடையாளத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், உச்சரிப்பைக் கேட்டுப் படியுங்கள்.

நமக்கு ஒரு சொத்தும் உண்டு. பின்யினின் "ஆர்" எழுத்து கிட்டத்தட்ட நம் ழ. "மனிதன்" என்ற சொல் "ழன்" என்று கேட்கும். பலர் பல மாதம் பழகும் அந்த நாக்கு மடிப்பை, ழகரம் சுத்தமாக வருகிறவர் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடலாம். சொல்லின் கடைசியில் வரும் ன், ங் வேறுபாடும் நமக்குப் புதிதல்ல.

தொனி தவறினால் உண்மையிலேயே புரியாதா?

முழு வாக்கியத்தில் பல நேரம் சமாளிக்கலாம். ஒற்றைச் சொல்லில் மாட்டிக்கொள்வீர்கள். "மாய்" மூன்றாம் தொனியில் வாங்குவது, நான்காம் தொனியில் விற்பது. கடைக்காரரிடம் இதைக் குழப்பினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். "ஷூய்ஜியாவ்" இரண்டு அசையும் நான்காம் தொனியானால் தூங்குவது, இரண்டும் மூன்றாம் தொனியானால் வேகவைத்த கொழுக்கட்டை.

முதல் தொனி உயரத்தில் நேராக நிற்கும். இரண்டாவது, நாம் வியப்பாக "என்ன?" என்று கேட்பதுபோல மேலே ஏறும். நான்காவது, கோபத்தில் "போ!" என்பதுபோல மேலிருந்து விழும். மூன்றாவதைப் பாடநூல்கள் இறங்கி ஏறுவதாக வரைகின்றன. நடைமுறைப் பேச்சில் பெரும்பாலும் அது கீழேயே கிடக்கும், ஏறுவதில்லை. "கீழே பேசு" என்று நினைத்துக்கொண்டால் மூன்றாம் தொனி சீக்கிரம் வரும் என்பது என் அனுபவம். இவை போக, அழுத்தமில்லாத மெல்லிய தொனி ஒன்றும் உண்டு.

இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாக மாறும். எல்லோரும் முதலில் கற்கும் "நீ ஹாவ்" என்ற வணக்கத்திலேயே இது நடக்கிறது. பின்யினில் மாற்றிக் குறிக்க மாட்டார்கள், நாம்தான் மாற்றிச் சொல்ல வேண்டும்.

தொனிகளைத் தனித்தனியாகப் பழகுவதைவிட இரண்டிரண்டாகப் பழகுங்கள். சீனச் சொற்களில் மிகப் பல இரண்டு அசை கொண்டவை.

முதலில் எந்தச் சொற்களைப் படிக்கலாம்?

ஆங்கிலம் வழியாக எழுதப்பட்ட பாடநூல்கள் காட்டாத சில குறுக்குவழிகள் தமிழருக்கு இருக்கின்றன. அங்கிருந்தே தொடங்குங்கள்.

உறவுமுறை. ஆங்கிலத்தில் "பிரதர்" என்றால் அண்ணனா தம்பியா தெரியாது. சீனத்தில் அண்ணன் கஅகஅ, தம்பி தீதி, அக்கா ஜியேஜியே, தங்கை மெய்மெய். நம்மைப்போல நான்கும் தனித்தனி. அப்பாவின் அண்ணன் போபோ, அப்பாவின் தம்பி ஷூஷு, அம்மாவின் சகோதரர் ஜியுஜியு, அப்பாவின் சகோதரி கூகு. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை என்று அப்படியே பொருத்திக்கொள்ளலாம். ஆங்கில வழிப் புத்தகம் இதற்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதும். நமக்கு ஒரு வரி போதும்.

நாம், நாங்கள். "வோமன்" என்ற சொல் இரண்டையும் குறிக்கும். ஆனால் பெய்ஜிங் போன்ற வடபகுதிப் பேச்சில் கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல "ட்ஸான்மன்" என்று தனிச்சொல் உண்டு. அதுதான் நம் "நாம்". நீ, நீங்கள் வேறுபாடும் இருக்கிறது: "நீ" சாதாரணம், "நின்" மரியாதை.

எண்கள். ஒன்று முதல் பத்து வரை தெரிந்தால் 99 வரை தெரிந்த மாதிரி. பதினொன்று என்பது பத்து-ஒன்று, நாற்பத்தைந்து என்பது நான்கு-பத்து-ஐந்து. தொண்ணூறுபோன்ற திருப்பம் எதுவும் இல்லை. பத்தாயிரத்தில் மட்டும் நிதானிக்க வேண்டும். அங்கே "வான்" என்ற புதிய அலகு தொடங்குகிறது. ஒரு லட்சம் என்பது 10 வான், ஒரு கோடி 1,000 வான், பத்துக் கோடி சேர்ந்தால் "யி" என்ற அடுத்த அலகு. லட்சம், கோடி என்று எண்ணிப் பழகியவர்கள் அங்கிருந்து நேரே வானுக்குப் போங்கள், நடுவில் மில்லியனைக் கொண்டுவராதீர்கள்.

எண்கள் வந்துவிட்டால் நாள்காட்டியும் கைக்கு வந்துவிடும். ஜனவரி ஒன்று-மாதம், டிசம்பர் பன்னிரண்டு-மாதம். திங்கள் முதல் சனி வரை கிழமை-ஒன்று முதல் கிழமை-ஆறு. ஞாயிறு மட்டும் "சூரியன்" அல்லது "வானம்" என்ற எழுத்தோடு வரும்.

அளவைச் சொற்கள் என்கிறார்களே, அது என்ன?

"மூன்று பேர்" என்கிறோமே, அந்தப் "பேர்" போன்றது. சீனத்தில் எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் அப்படி ஒரு சொல் எப்போதும் வேண்டும். புத்தகத்துக்கு "பன்", தாள், மேசை போன்ற தட்டையானவற்றுக்கு "ஜாங்", நீளமானவற்றுக்கு "தியாவ்". மறந்துவிட்டால் "கஅ" போட்டுச் சமாளியுங்கள், புரிந்துகொள்வார்கள்.

சீன எழுத்துகள் எல்லாம் படங்கள்தானே?

இல்லை. இந்த எண்ணம்தான் பலரைத் தேங்க வைக்கிறது.

சில எழுத்துகள் படத்திலிருந்து வந்தவை. மரம் என்பது ஒரு படுக்கைக் கோடு, அதை வெட்டும் செங்குத்துக் கோடு, இரு பக்கமும் சாயும் கிளைகள். இரண்டு மரம் சேர்ந்தால் தோப்பு, மூன்று சேர்ந்தால் அடர்ந்த காடு. மரத்தின் பக்கத்தில் மனிதன் நின்றால் ஓய்வு. முதல் வாரத்தில் இதைப் பார்க்கும் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். அப்புறம் இந்த வழி அடைபட்டுவிடும், ஏனென்றால் பெரும்பாலான எழுத்துகள் இப்படி உருவானவை அல்ல. ஓர் உறுப்பு பொருளைக் காட்டும், இன்னோர் உறுப்பு ஒலியைக் காட்டும்.

குதிரை "மா". அதன் இடப்பக்கம் "பெண்" சேர்ந்தால் அம்மா, "வாய்" சேர்ந்தால் வாக்கியத்தைக் கேள்வியாக்கும் கடைசிச் சொல். தலைக்கு மேல் இரண்டு வாய் வந்தால் திட்டுவது. எல்லாமே "மா", தொனி மட்டும் வேறு. அம்மாவுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று கதை கட்ட வேண்டாம், குதிரை அங்கே ஒலிக்காக நிற்கிறது.

இன்னும் அழகான குடும்பம் "ச்சிங்". பச்சை-நீல நிறத்தைக் குறிக்கும் அந்த எழுத்தோடு மூன்று நீர்த்துளி சேர்ந்தால் தெளிவு. சூரியன் சேர்ந்தால் வெயில் அடிக்கும் வானிலை, இதயம் சேர்ந்தால் உணர்வு, பேச்சு சேர்ந்தால் "தயவுசெய்து". கண் சேரும்போது மட்டும் ஒலி கொஞ்சம் மாறி "ஜிங்" ஆகிறது. ஐந்து எழுத்தைத் தனித்தனிப் படமாக மனப்பாடம் செய்கிறவர் படும் பாட்டையும், உறுப்பைப் பிரித்துப் பார்க்கிறவரின் வேலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருள் உறுப்புகளில் அடிக்கடி வரும் நீர், மனிதன், வாய், கை, பேச்சு, இதயம், பெண், மரம், புல், சூரியன் ஆகியவற்றை முதல் மாதத்திலேயே அடையாளம் காணப் பழகிவிடுங்கள்.

கோடு எழுதும் வரிசை அவ்வளவு முக்கியமா? வடிவம் சரியாக வந்தால் போதாதா?

முக்கியம். வரிசை சரியாக இருந்தால்தான் வடிவம் சரியாக வரும், கை அதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். குறுக்கே வெட்டினால் படுக்கைக் கோடு முதலில்: பத்து என்ற எழுத்தில், கூட்டல் குறிபோல, படுக்கை, பிறகு செங்குத்து. இடப்பக்கம் சாயும் கோடு வலப்பக்கம் சாய்வதற்கு முன்னால் வரும். "மனிதன்" அப்படித்தான். சமச்சீரான எழுத்துகளில் நடுக்கோடு முதலில். "சிறிய", "நீர்" இரண்டும் இதற்கு உதாரணம். சுற்றுச்சுவர் உள்ள எழுத்தில் முதலில் மூன்று பக்கம், பிறகு உள்ளே இருப்பது, கடைசியில் அடிக்கோடு. "நாடு" என்ற எழுத்தை எழுதிப் பாருங்கள்.

தமிழர் அதிகம் தவறுவது "வாய்" என்ற சதுரத்தில். நான்கு பக்கம் இருப்பதால் நான்கு கோடு என்று நினைக்கிறோம், அல்லது சுற்றி ஒரே இழுப்பில் வரைகிறோம். அது மூன்று கோடு. இடப்பக்கச் செங்குத்து, பிறகு மேலும் வலமும் பேனாவை எடுக்காமல் ஒரே மடிப்பு, கடைசியில் அடிக்கோடு. மூலை கூர்மையாக மடிய வேண்டும். வளைத்து வளைத்து எழுதிப் பழகிய தமிழ்க் கை அதை உருட்டிவிடப் பார்க்கும், முதல் வாரத்திலேயே திருத்திக்கொள்ளுங்கள். இந்தச் சதுரம் நூற்றுக்கணக்கான எழுத்துகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

என்ன நோட்டு வாங்குவது?

சீனப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டில் ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் கூட்டல் குறிபோலப் புள்ளிக்கோடு இருக்கும். அது இல்லாவிட்டால் பெரிய கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும், நான்கு கட்டத்தை ஓர் எழுத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு உறுப்பு உள்ள எழுத்தும் ஒரே சதுரத்துக்குள் அடங்க வேண்டும். பென்சில் நல்லது. தூரிகையும் மையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஓர் எழுத்தை எத்தனை தடவை எழுத வேண்டும்?

பக்கம் நிறைய எழுதுவதில் பயன் குறைவு. ஐந்தாவது தடவைக்குப் பிறகு கைதான் ஓடுகிறது, மனம் வேறெங்கோ போய்விடுகிறது. உறுப்புகளை வாயால் சொல்லிக்கொண்டே பார்த்து மூன்று தடவை எழுதுங்கள். மூடிவிட்டு ஒரு தடவை. மறுநாள் பார்க்காமல் ஒரு தடவை, அடுத்த வாரம் இன்னொரு தடவை. தவறிய எழுத்தை மட்டும் மறுபடி எடுங்கள். இடைவெளி விட்டு நினைவுபடுத்தும் ஆங்கி போன்ற செயலிகள் இந்தக் கணக்கை உங்களுக்காகப் பார்த்துக்கொள்ளும். எழுதும்போது உரக்கச் சொல்லுங்கள், தொனியோடு.

போனில் பின்யின் தட்டினால் எழுத்து வருகிறதே, கையால் ஏன் எழுத வேண்டும்?

நியாயமான கேள்விதான். பேனாவை எடுத்ததும் எழுத்து மறந்துபோவதைச் சொல்லச் சீனர்களிடமே ஒரு வழக்கு இருக்கிறது. 2021 தரநிலையும் இதை ஒப்புக்கொண்டது: மொத்தம் 3,000 எழுத்துகளை அடையாளம் காணச் சொல்கிறது, கையால் எழுதக் கேட்பது 1,200 மட்டும். தொடக்க நிலைக்கு அதில் 300.

நானும் அந்த 300-ஐ எழுதச் சொல்வேன், மற்றவற்றைப் படிக்கத் தெரிந்தால் போதும். எழுதிப் பார்க்காத கண்ணுக்கு "இன்னும் இல்லை" என்ற எழுத்தும் "முடிவு" என்ற எழுத்தும் ஒன்றாகத் தெரியும். மரத்தின் மேல் ஒரு கோடு கூடுதல், அந்த மேல்கோடு குட்டையானால் "இன்னும் இல்லை", நீளமானால் "முடிவு". "பெரிய" என்ற எழுத்தில் கீழே ஒரு புள்ளி வைத்தால் "மிகவும்", மேலே வலப்பக்கம் வைத்தால் நாய், தலையில் ஒரு கோடு போட்டால் வானம். நான்கையும் ஒரே வரியில் கையால் எழுதினவருக்கு இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தால் தீராது.

எழுத்தே வேண்டாம், பேச மட்டும் கற்கலாமா?

சில வாரப் பயணத்துக்கு என்றால் தாராளமாக. அதற்கு மேல் போனால் ஒரே ஒலியில் குவியும் சொற்கள் உங்களைத் திணறடிக்கும், எழுத்துதான் அவற்றைப் பிரித்துக் காட்டும்.

எவ்வளவு காலம் ஆகும்?

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் வேலைக்குத் தேவையான தேர்ச்சி பெற சுமார் 2,200 வகுப்பு மணிநேரம் என்று வைத்திருக்கிறது. அது நெடும்பயணம். கடையில் விலை கேட்பது, குடும்பத்தை அறிமுகம் செய்வது, மணி சொல்வது போன்ற தொடக்கநிலை அதில் சிறு பகுதிதான். தினமும் அரைமணி நேரம் உட்காருகிறவர் அதைச் சில மாதங்களில் எட்டலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருகிறவருக்குத்தான் கடினம், ஆறு நாளில் தொனி மறந்துபோகும்.

தெரியாத எழுத்தைப் பார்த்தால் அகராதியில் எப்படித் தேடுவது?

ப்ளெக்கோ போன்ற அகராதிச் செயலிகளில் விரலால் எழுதித் தேடலாம். கோட்டு வரிசை சரியாக இருந்தால் கோணல்மாணலாக எழுதினாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும்.

அச்சு அகராதியில் தேடவும் ஒரு தடவையாவது பழகுங்கள். காங்ஷி அகராதி 214 உறுப்புகளின்கீழ் எழுத்துகளை அடுக்கியது, இன்றைய அகராதிகளும் உறுப்பு அட்டவணை தருகின்றன. முதலில் பொருள் உறுப்பைக் கண்டுபிடித்து, மீதிப் பகுதியின் கோடுகளை எண்ண வேண்டும். ஓர் எழுத்தின் இடப்பக்கம் மூன்று நீர்த்துளி, நடுவில் ஒரு சிலுவையும் அதன் கீழே வாய்ச் சதுரமும், வலப்பக்கம் நிலா என்று வைத்துக்கொள்வோம். நீர் உறுப்பின் பக்கத்துக்குப் போங்கள். மீதி 9 கோடு: சிலுவைக்கு 2, வாய்க்கு 3, நிலாவுக்கு 4. வாயை நான்கு கோடாக எண்ணினால் 10 வரும், வேறு வரிசையில் தேடிக்கொண்டிருப்பீர்கள். 9-இன் கீழே பார்த்தால் அந்த எழுத்து கிடைக்கும்: "ஹூ", இரண்டாம் தொனி, ஏரி. நீர்த்துளிகளை எடுத்துவிட்டு மீதியை மட்டும் தேடினாலும் அதே "ஹூ", அதே தொனிதான்.